கையிருப்பால் வாழ்ந்த நகரம்: வலெட்டாவில் ஒரு பகல்

கப்பலின் மேல்தளத்தில் விடிவதற்கு முன்பே இடம் பிடித்து நிற்கும்படி எங்களுக்கு முதல் நாள் இரவே அறிவுரை சொல்லப்பட்டிருந்தது. ஜெனோவாவில் ஏறிய நாளிலிருந்து நாங்கள் எந்த அறிவுரையையும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இதை மட்டும் கேட்டோம், கேட்டது நல்லதாயிற்று. சிசிலித் தீவின் கரையை விட்டு இரவு முழுதும் தெற்கு நோக்கி ஓடிய கப்பல், காலை ஏழு மணியளவில் வேகத்தைக் குறைத்தது. கிழக்கு வெளுத்தபோது முன்னால் கடல் இல்லை, கல் இருந்தது. வலப்புறம் புனித எல்மோ கோட்டை, இடப்புறம் ரிக்கசோலி கோட்டை, அவற்றுக்கு நடுவே கப்பல் செல்லும் வழி. மதிலுக்கு மேல் மதில், கொத்தளத்துக்கு மேல் கொத்தளம், அவற்றின் உச்சியில் வீடுகளும் கோயில் மாடங்களும். எல்லாம் ஒரே நிறம். தேனில் தோய்த்து எடுத்தது போன்ற மங்கலான மஞ்சள். இந்தத் தீவிலேயே வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லின் நிறம் அது. வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் வெளிறிக்கொண்டே வரும் என்பதும், மாலையில் மீண்டும் திரும்பும் என்பதும் அன்று நாங்கள் கண்டறிந்த முதல் செய்திகள்.

மால்டா சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு தீவுக்கூட்டம். நாடு முழுவதும் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர்தான். தலைநகரான வலெட்டாவின் பரப்போ ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கப்பலில் எங்களுடன் வந்தவர்களில் பாதிப்பேர் பேருந்தில் ஏறிப் பழைய தலைநகரான ம்தீனாவையும் பிற ஊர்களையும் சுற்றிவரப் போயினர். நாங்கள் இருவரும் நடந்தே இந்த ஒரு நகரத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவருக்குப் பேருந்து என்றாலே தூக்கம். இரண்டுக்கும் பொருத்தமான ஏற்பாடு இதுதான். மாலை ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குப் புறப்பாடு. தனியாகச் சுற்றப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை என்பதைப் பல மொழிகளில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்தப் பயணம் எங்களுக்கு எளிதில் வாய்த்ததன்று. பிலாய் நகரில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டு வந்த தொகை முதிர்ந்தபோது பிள்ளைகள்தாம் வற்புறுத்தி அனுப்பி வைத்தார்கள். ஆகவே ஒவ்வொரு துறைமுகத்திலும், இந்த ஊருக்குச் செலவிட்டது தகுமா என்று ஒரு கணக்கு எங்களை அறியாமலே மனத்தில் ஓடும். வலெட்டாவில் அந்தக் கணக்கு வேறு வழியில் போய்விட்டது.

கப்பல் நிற்கும் துறையில் கடலை ஒட்டி வரிசையாகப் பழைய பண்டகசாலைகள் இருக்கின்றன. 1752-இல் பின்டோ என்ற பெருந்தலைவர் காலத்தில் கட்டப்பட்டவை. கதவுகளுக்கு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசியிருக்கிறார்கள். மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை, கோதுமைக்கு மஞ்சள், மதுவுக்குச் சிவப்பு என்று சொல்கிறார்கள். இப்போது உள்ளே உணவகங்கள். ஊருக்குள் நுழையும் முன்பே முதலில் கண்ணில் படுவது சரக்கு வைத்த அறைகள் என்பதை அப்போது நாங்கள் ஒரு செய்தியாகக் கொள்ளவில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் மின்தூக்கி. கடல் மட்டத்திலிருந்து மதிலின் உச்சிக்கு 58 மீட்டர். 1905-இல் இதே இடத்தில் இயங்கிய பழைய மின்தூக்கி 1973-இல் நின்றுபோய், பிறகு பிரித்து எடுக்கப்பட்டது. இப்போதுள்ளது 2012-இல் திறக்கப்பட்டது. முழங்கால் வலியுள்ளவர் அதற்குள் நுழைந்தபோது விட்ட பெருமூச்சைக் கேட்டிருந்தால் அதைக் கட்டியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். மேலே வந்து கதவு திறந்தால் அப்பர் பரக்கா பூங்கா. வளைவுகளின் ஊடே கீழே துறைமுகம் முழுவதும் தெரிகிறது. எதிர்க்கரையில் நீரை நோக்கி நீளும் மூன்று ஊர்கள், அவற்றின் முனையில் புனித ஆஞ்சலோ கோட்டை, நடுவே பொம்மை போல எங்கள் கப்பல். காலை ஒன்பது மணிக்கு அங்கே எங்களையும் சில பூனைகளையும் தவிர அதிகம் பேர் இல்லை.

வலெட்டா ஒரு முற்றுகையின் மறுநாளில் பிறந்த ஊர். 1530-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இத்தீவைப் புனித யோவான் வீரத்துறவியர் சபைக்கு அளித்தார். ஆண்டுக்கு ஒரு வல்லூறு மட்டுமே வாடகை. 1565 மே மாதம் ஓட்டோமான் படை பெரும் கப்பற்படையுடன் வந்து இறங்கிற்று. செப்டம்பர் வரை சண்டை நீடித்தது. இங்கே எங்களை ஈர்த்தது போர்க்கதை அன்று. அதற்கு முன்னால் நடந்தது. படை வரப்போகிறது என்று தெரிந்ததும் பெருந்தலைவர் ழான் பாரிசோ த லா வலெட் செய்தவற்றில் முக்கியமானது தானியத்தையும் நீரையும் கோட்டைக்குள் சேர்த்து வைத்ததும், பகைவர் இறங்கக்கூடிய மார்சா பகுதியின் கிணறுகளை நஞ்சூட்டியதுமாகும். ஆறே இல்லாத தீவில் நீர்தான் படைக்கலம். முற்றுகை முறிந்த மறு ஆண்டு, 1566 மார்ச் 28-இல், புதிய நகருக்கு அவரே அடிக்கல் நாட்டினார். பெயரும் அவருடையதே. இத்தாலியரான லாபரெல்லி வரைபடம் தீட்ட, அவருக்குப் பின் உள்ளூர்க் கட்டடக் கலைஞர் ஜிரோலாமோ கஸ்ஸார் பணியைத் தொடர்ந்தார். குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோட்டுத் தெருக்கள். எந்தச் சந்தில் நின்று பார்த்தாலும் தெரு முடிவில் ஒரு துண்டுக் கடல்.

அந்த வரைபடத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும். வீட்டைக் கட்டப் பாறையை வெட்டிக் கல் எடுத்த பள்ளமே தொட்டியாகிவிடும்; கூரையில் விழும் மழை அதற்குள் போய்ச் சேரும். ஆண்டுக்கு 550 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில், பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டுமே பெய்கிற ஊரில், 16-ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட விதி. கோடை முழுவதும் குடிநீர் லாரியின் பின்னால் குடத்துடன் ஓடிய அனுபவம் உள்ளவர்கள் இந்த ஊரின் தெருக்களில் நடக்கும்போது கால்களுக்கு அடியில் இருப்பதைக் கொஞ்சம் மரியாதையுடன்தான் நினைப்பார்கள். இன்று மால்டாவின் குடிநீரில் பெரும் பங்கு கடல்நீரைச் சுத்திகரித்துக் கிடைப்பது. தொட்டிகள் வேறு பயனுக்குப் போய்விட்டன.

பூங்காவிலிருந்து இறங்கினால் மெர்ச்சண்ட்ஸ் தெரு, அதாவது வணிகர் தெரு. இருபுறமும் வீடுகளின் மேல்மாடியிலிருந்து மூடிய மரமாடங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன; பச்சை, சிவப்பு, நீலம். உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெரு அவரைப் பார்க்க முடியாது. அந்தத் தெருவில் நடக்கையில் ஒரு வாயிலின் மேல் கண் பட்டது. மோன்டி டி பியெட்டா என்று எழுதியிருந்தது. எங்களில் ஒருவர் நின்றார். மற்றவர் கையைப் பிடித்து இழுத்தார். பேராலயத்தில் கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும் என்பது திட்டம். திரும்பி வரும்போது நிற்போம் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

புனித யோவான் இணைப்பேராலயம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு படைவீட்டைப் போலத்தான் இருக்கிறது. கஸ்ஸார் 1570-களில் கட்டியது. உள்ளே நுழைந்ததும் இருவரும் பேச்சற்றுப் போனோம். நூறாண்டு கழித்து மத்தியா பிரேத்தி என்ற ஓவியர் விதானம் முழுவதையும் தீட்டினார். சுவர் முழுவதும் செதுக்கிப் பொன் பூசியிருக்கிறார்கள். ஆயினும் நாங்கள் அதிக நேரம் பார்த்தது தரையைத்தான். வண்ணச் சலவைக்கற்களைப் பதித்துச் செய்த ஏறத்தாழ 400 கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வீரத்துறவி. எலும்புக்கூடுகளும் மணற்கடிகாரங்களும் அரிவாள்களும் பல நிறக் கற்களில் சிரிக்கின்றன. கூரான குதிகால் செருப்புடன் வருபவர்களை உள்ளே விடுவதில்லை; கல் கீறிவிடும். எங்கள் தோல் செருப்புகளுக்குத் தடை இல்லை.

பக்கத்து மண்டபத்தில் கரவாஜியோவின் ஓவியம். திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படும் காட்சி. 1608-இல் தீட்டியது, அவர் வரைந்தவற்றுள் மிகப் பெரியது, அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியமும் இதுவே. கையொப்பம் எங்கே இருக்கிறது என்று தேடினால், யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழிந்த குருதியிலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். உரோமையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிவந்த மனிதர் அவர். இங்கே அவரைச் சபையில் சேர்த்து வீரத்துறவி ஆக்கினார்கள். சில மாதங்களில் இன்னொரு சண்டையில் சிறைப்பட்டு, காலையில் நாங்கள் பார்த்த ஆஞ்சலோ கோட்டையிலிருந்து தப்பி ஓடினார். 1608 டிசம்பரில் அவரைச் சபையிலிருந்து நீக்கும் சடங்கு இதே ஓவியத்தின் முன்னிலையில் நடந்தது. படத்தில் பாதிக்கு மேல் வெற்றுச் சுவரும் இருட்டும். அதைப் பார்த்து முடித்து வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் கூசியது.

ஒப்பந்தப்படி மீண்டும் மெர்ச்சண்ட்ஸ் தெருவின் அந்த வாயில்.

மோன்டி டி பியெட்டா என்பது அடகுக்கடை. ஐரோப்பாவில் இவ்வகை அமைப்புகள் 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றின. 1462-இல் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் ஊக்கத்தால் தொடங்கியதை முன்னோடியாகக் கொள்வர். ஏழைகள் கொடுவட்டிக்காரர் கையில் சிக்காமலிருக்க, பொருளை ஈடாகப் பெற்றுக் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் அறநிலையம். மோன்டி என்றால் குன்று. குவிந்த நிதி என்றும் பொருள். ‘இரக்கக் குவியல்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தோம். வலெட்டாவில் இது 1598-இல் ஏற்பட்டது. 1607-இல் இதற்கு இணையாக இன்னொரு நிதியும் உருவாயிற்று. கடற்கொள்ளையில் பிடிபட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மால்டியரைப் பணயத்தொகை கொடுத்து மீட்பதற்கான நிதி அது. பின்னர் இரண்டும் ஒன்றாயின. பொருளை மீட்பதற்கும் ஆளை மீட்பதற்கும் ஒரே அலுவலகம்! 1798-இல் நெப்போலியனின் படை தீவைக் கைப்பற்றியபோது, சபையின் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவு பரிமாறிய வெள்ளித் தட்டுகளுடன் இந்தக் குவியலின் இருப்பும் போயிற்று. பின்னர் மீண்டும் தொடங்கி, இன்றும் அரசின் நிறுவனமாக அதே தெருவில் இயங்குகிறது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் இன்றும் கடன் தருகிறார்கள்.

நாங்கள் உள்ளே போகவில்லை. அடகு வைக்க வந்தவர்கள் நடுவே வேடிக்கை பார்க்கப் போவது எவ்வளவு அநாகரிகம் என்பது எங்களுக்குத் தெரியும். எதிர்ப்புறச் சுவரோரம் நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வெளியே வந்தார். படியில் நின்று கைப்பையைத் திறந்து ஒருமுறை பார்த்தார், மூடினார், இரண்டடி நடந்தபின் பையின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு பையை முழங்கைக்குள் இறுக்கிக்கொண்டு தெருவின் சரிவில் இறங்கிப் போனார். வைத்துவிட்டு வருகிறவர்கள் அப்படிப் பையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மீட்டுக்கொண்டு வருகிறவர்கள்தாம் அப்படிச் செய்வார்கள். இதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் திருமணத்துக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலி பிலாயில் ஏழு முறை அடகுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. வீட்டு முன்பணம், அப்பாவின் கண் அறுவை, மகனின் டைபாய்டு, இப்படி ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர் உண்டு. எட்டாம் முறை மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போனது. அலுவலகத்தில் கடன் கேட்டிருந்தோம். கையெழுத்தாகி வர நாளாகும் என்றார்கள். கட்டணத்துக்கோ கடைசி நாள் குறித்தாயிற்று. கடைத்தெருவில் தெரிந்த அடகுக்கடைக்குப் போனோம். வங்கியில் நகைக்கடன் கிடைக்கும் என்று அந்நாளில் எங்களுக்கு எண்ணம் போகவில்லை. வங்கி என்றால் சம்பளம் வாங்கும் இடம், அவ்வளவுதான். மாத வட்டி எவ்வளவு என்று கேட்டு, ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்க்காமல் கையெழுத்திட்டோம். இருவரும் படித்தவர்கள். ஒன்றரை ஆண்டில் வட்டி நின்றது. கடிதம் வந்ததாகச் சொன்னார்கள், எங்களுக்கு வரவில்லை. ஒருநாள் போனபோது நகை மூழ்கிவிட்டது என்றார் கடைக்காரர். என்ன விலைக்குப் போயிற்று, கடன் போக மிச்சம் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. மோன்டி போன்ற அறநிலையங்களின் பழைய விதிகளில் ஒன்று, ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால் அது பொருளுக்கு உரியவரையே சேரும் என்பது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த விதி. மெர்ச்சண்ட்ஸ் தெருச் சுவரோரம் நின்று அதைப் பேசிக்கொண்டபோது, இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக அந்தச் சங்கிலியைப் பற்றி ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லாமல் பேசினோம் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மகள் படித்து முடித்தாள், வேலையில் இருக்கிறாள், இந்தப் பயணத்தின் விமானச் சீட்டு அவள் வாங்கித் தந்தது.

நண்பகல் பன்னிரண்டுக்கு மீண்டும் பூங்காவுக்கு வந்துவிட்டோம். கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும் பீரங்கிகளில் ஒன்றை நாள்தோறும் நண்பகலில் சுடுகிறார்கள். அந்நாளில் துறைமுகத்துக் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சுட்ட வெடி. இன்று எங்களைப் போன்றவர்கள் படமெடுக்க. வெடித்ததும் புறாக்கள் எல்லாம் ஒருசேர எழும்பின. எங்கள் அருகில் நின்ற ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

சாப்பாடு எங்களுக்கு எந்தத் துறைமுகத்திலும் ஒரு வழக்கு. இங்கே எளிதாக முடிந்தது. பஸ்தீசி என்று ஒரு பலகாரம். நம் பேக்கரி பஃப்ஸின் மூத்த சகோதரி. அடுக்கடுக்கான மாவுக்குள் ஒன்றில் ரிக்கோட்டாப் பாலாடை, மற்றொன்றில் மசித்த பட்டாணி. பட்டாணி வைத்தது சூடாகக் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். மாவில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் சைவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கூடவே கின்னி என்ற உள்ளூர்ப் பானம். கசப்பு ஆரஞ்சில் செய்தது. எங்களில் ஒருவருக்குப் பிடித்தது. மற்றவர் நிலவேம்புக் கஷாயத்தை நினைவூட்டுவதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அட்டையில் பணம் செலுத்தும்போது கருவி, ரூபாயில் எடுக்கவா, யூரோவில் எடுக்கவா என்று கேட்டது. இந்திய அட்டை என்று கண்டதும் கேட்கும் கேள்வி அது. ரூபாய் என்று காட்டும் தொகை நமக்குப் பழக்கமானதாக இருப்பதால் கை அதை நோக்கிப் போகும். ஆனால் அங்கே மாற்றுவீதத்தைத் தீர்மானிப்பது கடையின் தரப்பு. யூரோவையே தேர்ந்தெடுத்தோம். சில்லறையாகக் கிடைத்த ஒரு யூரோ நாணயத்தில் எட்டு முனைகள் கொண்ட மால்டாச் சிலுவை இருந்தது. 2008 ஜனவரி முதல் நாளில்தான் இந்நாடு தன் லிராவை விட்டு யூரோவுக்கு மாறிற்று. அந்த நாணயத்தைச் செலவழிக்கவில்லை.

பக்கத்துக் கடை ஒன்றின் முகப்பில் ‘க்தியெப்’ என்ற சொல்லைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு. புத்தகம் என்று பொருளாம். பிலாயில் கழித்த வாழ்வில் தினமும் கேட்ட ‘கித்தாப்’ தான்! உலகத்துக்கு ‘தின்யா’ என்கிறார்கள். நம் காதில் ‘துனியா’. அரபியின் கிளையாகச் சிசிலியில் பேசப்பட்ட மொழியிலிருந்து வளர்ந்தது மால்டிய மொழி. ஆனால் எழுதுவதோ இலத்தீன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளில் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. இந்தியர்களுக்கும் இந்தத் தீவு புதியதன்று. 1878-இல் பிரித்தானியப் பிரதமர் டிஸ்ரேலி ஏறத்தாழ 7,000 இந்தியப் படைவீரர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார். அதே நூற்றாண்டின் இறுதியில் சிந்தி வணிகர்கள் வந்து கடை வைத்தனர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் இங்கே குடிமக்கள்.

மதியத்துக்கு மேல் நகர வாயிலைக் கடந்து புளோரியானா வரை நடந்தோம். வாயிலருகே ஒரு பழைய நாடக அரங்கின் அடித்தூண்கள் மட்டும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 7-இல் குண்டுவீச்சில் அழிந்தது. மீண்டும் கட்டாமல், சிதைவுக்குள்ளேயே திறந்தவெளி அரங்கம் ஒன்றை அமைத்துக் கொடுத்திருக்கிறார் ரென்சோ பியானோ. அந்த ஆண்டு இத்தீவுக்கு இரண்டாம் முற்றுகை. இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வானூர்திகள் வந்துகொண்டே இருந்தன. உணவும் எரிபொருளும் குறைந்துகொண்டே போயின. மாவும் எரிபொருளும் இன்ன நாளோடு தீரும், அந்த நாளுக்குப் பின் சரணடைவதைத் தவிர வழியில்லை என்று கணக்கிட்டு ஒரு தேதியே குறித்து வைத்திருந்தார்கள். குடும்பக் கணக்கெழுதிப் பழகிய எவருக்கும் அந்தத் தேதியின் பொருள் புரியும். ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் புறப்பட்டன. ஐந்து மட்டுமே வந்து சேர்ந்தன. ஐந்தாவதாக வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். குண்டுகளால் முதுகு முறிந்து, மூழ்கும் நிலையில், இரண்டு போர்க்கப்பல்களுக்கு நடுவே கட்டித் தாங்கிப் பிடித்து இழுத்து வந்தார்கள். 1942 ஆகஸ்டு 15 காலை அது காலையில் நாங்கள் நுழைந்த அதே வாயில் வழியாகத் துறைமுகத்துக்குள் வந்தது. கரை முழுவதும் மக்கள். அதன் வயிற்றில் இருந்த எண்ணெய் தீவைக் காப்பாற்றிற்று. அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு மக்கள் அனைவருக்கும் சேர்த்து ஜார்ஜ் சிலுவையை வழங்கியிருந்தார். அது இன்றும் நாட்டுக் கொடியில் இருக்கிறது.

புளோரியானாவில் புனித புப்ளியுஸ் ஆலயத்தின் முன் பரந்த வெளி. தரையில் வட்டவட்டமான கல்மூடிகள், ஒழுங்கான வரிசையில். மேடையோ விளையாட்டுத் திடலோ என்று முதலில் எண்ணினோம். பூமிக்குள் மணி வடிவில் குடைந்த தானியக் குதிர்கள் அவை, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டப்பட்டவை, 70-க்கும் மேல். வாய் குறுகி வயிறு அகன்ற பள்ளம். மேலே கனத்த கல் மூடி. எங்கள் பாட்டி வீட்டு மண்குதிரை நிலத்துக்குள் இறக்கியது போல. இப்போது பெரிய இசைநிகழ்ச்சிகள் நடக்கும்போது ஆயிரக்கணக்கானோர் இந்த மூடிகள்மேல் நின்று ஆடுகிறார்களாம். முழங்கால் வலிக்காரர் ஒரு மூடியின்மேல் அமர்ந்துவிட்டார். பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் இன்னொரு மூடியை எல்லைக்கோடாக வைத்துப் பந்து விளையாடினார்கள். காலையில் கண்ட வண்ணக் கதவுகள், வீட்டடித் தொட்டிகள், அந்தப் பெண்மணியின் கைப்பை, எண்ணெய்க் கப்பல், இந்தக் குதிர்கள் என்று எல்லாமே ஒரே சரட்டில் வந்து நிற்பதை அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். எத்தனையோ கோட்டைகளைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் வழிகாட்டிகள் வாளையும் பீரங்கியையுமே காட்டுவார்கள்.

இப்பயணத்தை எண்ணுவோருக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்றிரண்டு. மால்டா ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. இத்தாலி, ஸ்பெயினுக்கு வாங்கும் அதே விசா போதும். ஆனால் கப்பல் இடையில் ஷெங்கனுக்கு வெளியேயுள்ள நாட்டில் நிற்குமானால் பலமுறை நுழைவுக்கான விசாதான் வேண்டும். விண்ணப்பத்துடன் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். கரையிறங்கும்போது கப்பல் அட்டை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தெருக்கள் செங்குத்தானவை, பலவும் படிக்கட்டுகளே. அழகான செருப்பை அறையில் விட்டுவிடலாம். பேராலயம் ஞாயிறன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பதில்லை.

ஐந்தேகாலுக்குக் கப்பலுக்குள் வந்துவிட்டோம். ஆறு மணிக்கு நங்கூரம் எடுத்தார்கள். காலையில் நின்ற அதே கம்பியருகே நின்றோம். சொன்னபடியே கல்லின் மஞ்சள் திரும்பியிருந்தது. பூங்காவின் வளைவுகளில் சிலர் நின்று கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். கப்பல் எல்மோ கோட்டையைக் கடக்கையில் எங்களில் ஒருவர், அந்தச் சங்கிலி ஐந்து பவுன் என்றார். மற்றவர் நாலே முக்கால் என்றார். சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. இதை எழுதும் வரையில் அவ்விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.